காற்றின் மேல் நின்ற வீடு

அத்தியாயம் 17

நாடீனைத் திட்டி எனக்குக் கடிதம் போட்டவர்களே, உங்கள் கோபம் நியாயம்தான். "இருபத்திரண்டு வருஷமா அடி வாங்கிக்கிட்டு ஒருத்தி எதுக்கு அங்கேயே கிடக்கணும்?" என்று கேட்டிருந்தீர்கள். இந்த அரிசோனா மண்ணுக்கு நான் வந்த புதிதில் இதே கேள்வியை அவள் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். அவளிடம் ஒரே பதில்தான். புருஷன் கார்லண்ட் மகள் மேல் கை வைத்ததில்லை. அந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டாள்.

இப்போது வீட்டை விற்றாயிற்று. மிச்ச காலத்தை மோட்டார் ஹோமில் ஊர் ஊராகச் சுற்றிக் கழிப்பது என்று கார்லண்ட் முடிவு கட்டிவிட்டான். படுக்கை, குளியல், அடுப்பங்கரை எல்லாம் உள்ளேயே இருக்கும் நாற்பதடி வண்டி. பழசுதான், ஆனால் பெரிய மனுஷன் ஓட்டின பழசாக இருக்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். ஜனவரியில் குவார்ட்சைட் பாலைவனத்தில் அப்படிப்பட்ட வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். பாதி வண்டிகளின் கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று அட்டை தொங்கும்.

நாடீனுக்கு அந்த வண்டி வேண்டவே வேண்டாம். வீட்டில் இருந்தபோதாவது, சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில் ஒரு விளக்கு எரியும். கார்லண்ட் கொஞ்சம் அடங்குவான். இந்த வண்டியை அவன் கொண்டுபோய் நிறுத்தப்போகிற இடங்களில் இருபது மைலுக்கு ஒரு ஈ காக்கை இருக்காது.

அதனால்தான் போன வாரம் அண்ணன் கிளிஃப்டனுக்குப் போன் போட்டாள். அவன் முப்பது வருஷமாக டீசல் வண்டி மெக்கானிக். "நீ வந்து பாரு. எந்த வண்டியா இருந்தாலும் உருப்படாதுன்னு சொல்லிடு" என்றாள். ஏன் என்று கேட்டான். "வாயேன்" என்று மட்டும் சொன்னாள். அவனும் மறுபடி கேட்காமல் "சரி, வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, விடுதி அறையில், அன்றைய முதல் அடி விழுந்தது.

"இன்னும் ஒரு வாரம் யோசிக்கலாமே" என்று நாடீன் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த கார்லண்ட் திரும்பிக்கூடப் பார்க்காமல் புறங்கையை வீசினான். அவன் மோதிரம் அவள் புருவத்தைக் கிழித்தது. கழுவும் தொட்டியில் ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"யோசிக்கிறது என் வேலை" என்றான். "தொடச்சுக்கோ. பொண்ணு வர்றா."

இருபது வயது கெல்சி கையில் காலைச் சாப்பாட்டுப் பரிட்டோ பொட்டலங்களோடு உள்ளே வந்தாள். அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள்.

"என்னம்மா அது?"

"கதவு இடிச்சிடுச்சு."

கெல்சி பொட்டலங்களைக் கீழே வைத்தாள். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி அம்மா கையில் கொடுத்தாள். அப்பாவுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள்.

ஒன்பது மணிக்குக் கிளிஃப்டன் தன் லாரியில் வந்து இறங்கினான். தங்கையின் புருவத்தை ஒரு தரம் பார்த்தான், கார்லண்டின் விரலை ஒரு தரம் பார்த்தான்.

முதல் இரண்டு வண்டிகளுக்குப் பொய்யே தேவைப்படவில்லை. ஒன்றில், வெளியே நீளும் பக்க அறையின் ஓரத்தில் கிளிஃப்டன் காலை ஊன்றினான். தரை அல்வா மாதிரி அமுங்கியது. மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி மரம் முழுக்க மக்கிப் போயிருந்தது. "மேல புதுசா கார்பெட்டு போட்டு மறைச்சிருக்கான்" என்றான்.

கார்லண்ட் அந்த விற்பவனைச் சட்டைக் காலரோடு பிடித்துத் தூக்கினான். "என் குடும்பம் ஏறப்போற வண்டிடா நாயே!" என்று கத்தி, அவன் முதுகை வண்டியின் மேலேயே மோதினான். போகிற போக்கில் பக்கக் கண்ணாடியை உதைத்து உடைத்தான். கெல்சி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். குடும்பத்தின் மேல் என்ன அக்கறை பார்த்தீர்களா! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது வண்டியில் டயர் பார்க்கப் புதுசு போல இருந்தது. கிளிஃப்டன் மண்டியிட்டு, டயர் ஓரத்தில் பொறித்திருக்கும், தயாரித்த காலத்தைச் சொல்லும் நாலு இலக்கத்தைப் படித்தான். "பதினோரு வருஷத்து டயர். ஓடாமலே கிழடாயிடுச்சு. நெடுஞ்சாலையில வெடிச்சா எல்லாரும் பரலோகம்தான்."

மூன்றாவது வண்டி லைல் என்ற கிழவருடையது. எழுபத்தைந்து வயதிருக்கும். மனைவி போன பிறகு தனியாக ஓட்டப் பிடிக்கவில்லை, அதனால் விற்கிறார். நல்ல மனுஷன். வந்ததும் வராததுமாக எல்லாருக்கும் காபி ஊற்றிக் கொடுத்தார்.

அந்த வண்டியைப் பற்றி என்ன சொல்ல! கிளிஃப்டன் கூரை மேல் ஏறிப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு மோந்து பார்த்தான். எஞ்சின் எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. நாடீன் அவன் பின்னாலேயே போனாள். வண்டியின் மறுபக்கத்தில் இருவரும் தனியாக நின்றார்கள்.

"இதுல ஒரு குறையும் இல்ல, நாடீன். நானே வாங்கலாம் போல இருக்கு."

"அப்ப பொய் சொல்லு."

"யாரு உன்னை அடிச்சது?"

"கதவு."

"எந்தக் கதவு மோதிரம் போட்டுட்டுத் திரியுது?"

அவள் குனிந்துகொண்டாள். "கிளிஃப், இந்த வண்டியில நான் ஏறினா உயிரோட இறங்க மாட்டேன். சொல்லு, பொய் சொல்லு" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள்.

கிளிஃப்டன் எண்ணெய் விரலைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தான்.

வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். கார்லண்ட் சின்னப் பிள்ளை மாதிரி ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தான். கெல்சி பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து நிறுத்தியதும், "இதுதான். பேப்பரை எடுங்க பெரியவரே" என்றான்.

"வேண்டாம்" என்றான் கிளிஃப்டன். "பின் அச்சுக்குப் பக்கத்துல, வண்டியைத் தாங்குற இரும்புச் சட்டத்துல விரிசல் இருக்கு. ஆயிரம் மைல் தாண்டாது."

லைலின் முகம் சிவந்துபோனது. "யாரைப் பார்த்துப் பேசுறே தம்பி? என் வண்டியில விரிசலா? போன மாசம்தான் பட்டறையில மொத்தச் சட்டத்தையும் சோதிச்சாங்க. இந்தா!" என்று உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

கார்லண்ட் அதை வாங்கிப் படித்தான். மெதுவாகப் படித்தான். பிறகு கிளிஃப்டனைப் பார்க்கவில்லை. நாடீனைப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷமாக அவள் முகத்தைப் படித்தவன். அவனுக்கு ஒரு நொடி போதும்.

"ஓ... அப்படியா சங்கதி? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து நாடகம் போடுறீங்களா?"

அவன் கையில், வண்டி பார்க்கக் கொண்டுவந்த நீளமான இரும்பு டார்ச் இருந்தது. அதை ஓங்கிக் கிளிஃப்டனின் வாயில் அடித்தான். பல் தெறித்தது. கிளிஃப்டன் தள்ளாடி நிமிர்வதற்குள் வயிற்றில் ஒரு குத்து, குனிந்தவன் பிடரியில் இன்னொரு அடி. கிளிஃப்டன் மட்டும் சும்மா இருப்பானா? தலையால் முட்டிக் கார்லண்டைத் தரையில் சாய்த்து, மூக்கில் நாலு குத்து விட்டான். புழுதியும் ரத்தமுமாகப் புரண்டார்கள். லைல் இடையில் புகுந்து பிரிப்பதற்குள் அவர் கண்ணாடி உடைந்துவிட்டது.

"நிறுத்துங்கடா! மாட்டுக்கூட்டம் மாதிரி!"

கார்லண்ட் மூக்கைத் துடைத்தபடி எழுந்தான். அவன் குரல் திடீரென்று தணிந்துவிட்டது. நாடீனுக்கு அந்தத் தணிந்த குரலைக் கண்டால்தான் அதிகம் பயம்.

"சரி மச்சான். விரிசல் இருக்குன்னு சொன்னியே. காட்டு. இருந்தா நான் மன்னிப்பு கேட்கிறேன். இல்லேன்னா, உன் தங்கச்சி எனக்குப் பதில் சொல்லணும். ராத்திரி நிதானமா சொல்லட்டும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் கிளிஃப்டனைத் தள்ளியது. இல்லாத விரிசலை எப்படிக் காட்டுவது? அடியில் போய், ஏதாவது ஒரு வெல்டிங் கோட்டைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்திருப்பான். டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு தரையில் படுத்தான்.

"டேய், டேய்! பொறு!" என்று லைல் கத்தினார். "ஜாக்கிக் காலு இறக்கலை. வண்டி வெறும் காத்துப் பை மேல நிக்குது. முட்டுக் கொடுக்க ஸ்டாண்டு எடுத்துட்டு வர்றேன், அதுவரைக்கும் போகாதே!"

இந்த வண்டிகளோடு பழகின யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பைகளில் காற்று நிரம்பியிருக்கும். அந்தக் காற்றின் மேல்தான் பதினைந்து டன் உட்கார்ந்திருக்கும். காற்று இறங்கினால் வண்டி சட்டென்று தாழும். இரும்பு ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் ஒரு கை நீட்டிய எத்தனையோ வேலையாட்களைக் கிளிஃப்டனே கன்னத்தில் அறைந்து துரத்தியிருக்கிறான். முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவன் செய்யாத தப்பை அன்று செய்தான்.

"ரெண்டே நிமிஷம் பெரியவரே" என்று சொல்லி உள்ளே ஊர்ந்தான். அவன் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

லைல் ஸ்டாண்டு எடுக்கக் கருவிப் பெட்டிப் பக்கம் ஓடினார். கார்லண்ட் வண்டியில் ஏறினான். நாடீன் படியருகே நின்றிருந்தாள். கதவு திறந்திருந்தது. கெல்சி இன்னும் அந்தப் பக்கத்து இருக்கையிலேயே இருந்தாள்.

கார்லண்ட் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். சாவி அப்படியே இருந்தது. அவன் இடது கை ஜன்னலோரப் பலகைக்குப் போனது. அங்கே காற்றை இறக்கும் பொத்தான். ஓட்டிப் பார்த்தபோது லைல் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்ததில் அதுவும் ஒன்று. கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்தியபடியே நாடீனைப் பார்த்தான்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். வண்டி மொத்தமும் தரையை நோக்கி இறங்கியது.

அடியிலிருந்து ஒரு அலறல் வந்தது. பாதியில் நின்றது. பூட்ஸ் இரண்டும் மண்ணை உதைத்தன.

"ஜாக்கி! ஜாக்கியை இறக்கு! வண்டியைத் தூக்கு!" லைல் ஓடி வந்தார்.

நாடீன் படியில் பாய்ந்து ஏறினாள். கார்லண்ட் எழுந்து வழியை மறித்தான். "பதறாதே. விபத்து. தொட்டுக் கெடுத்திடாதே" என்று சொல்லி அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் இடிக்கும்வரை விடவில்லை. அவன் அவளைச் சுவரில் மோதினான். டயரைத் தட்டிப் பார்க்க லைல் வைத்திருக்கும் கனத்த மரத்தடி படிக்குப் பக்கத்தில் தொங்கியது. அது அவள் கைக்குக் கிடைத்தது.

முதல் அடி அவன் தோளில் விழுந்தது. இரண்டாவது முழங்கையில் விழுந்து, உள்ளே ஏதோ முறிந்தது. மூன்றாவது அடியில் அவன் படியில் உருண்டு வெளியே மண்ணில் விழுந்தான். அவள் பின்னாலேயே இறங்கி இன்னும் இரண்டு கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் திருப்பி அடித்தது அன்றுதான். படிக்கிற உங்களுக்குக் கை தட்டத் தோன்றும். அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. "என் அண்ணன், என் அண்ணன்" என்றுதான் கத்திக்கொண்டிருந்தாள்.

லைல் அதற்குள் உள்ளே ஏறி ஜாக்கிப் பொத்தானை அழுத்திவிட்டார். நாலு மூலையிலும் இரும்புக் கால்கள் இறங்கின. வண்டி அங்குலம் அங்குலமாக எழும்பியது. நாடீனும் லைலும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள்.

கிளிஃப்டன் வெளியே வந்தான். நெஞ்சு ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. மூச்சு விடும்போது வாயில் சிவப்பு நுரை வந்தது. கண் திறந்திருந்தது. தங்கையைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றான், முடியவில்லை.

"நான்தான் கூப்பிட்டேன்" என்று அவள் லைலிடம் சொன்னாள். "நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்."

"இப்ப அதைப் பேசாதேம்மா. அவன் தலையைப் பிடிச்சுக்கோ" என்றார் கிழவர்.

ஹெலிகாப்டர் வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியபோது, கார்லண்ட் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கெல்சி அவன் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவன் அவள் காதோடு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது தெரிந்தது. ஹெலிகாப்டர் இரைச்சலில் நாடீனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கிளிஃப்டனை ஏற்றிக்கொண்டு அது போய்விட்டது. பிழைப்பானா என்று கேட்டதற்கு, கூட வந்த நர்ஸ் "நகருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஷெரீஃபின் போலீஸ்காரர் வந்தார். நிதானமான ஆள். மறுபடி கையில் எடுத்த மரத்தடியோடு நிற்கிற பெண்ணையும், கை முறிந்து கிடக்கிற ஆணையும் பார்த்தார். தடியைக் கீழே போடச் சொன்னார். போட்டாள்.

"பழைய வண்டி ஐயா" என்று கார்லண்ட் முனகினான். "தானா காத்து இறங்கிடுச்சு. அந்த அதிர்ச்சியில இவளுக்குப் பைத்தியம் பிடிச்சு என்னை அடிச்சுப் போட்டுட்டா."

"தானா இறங்குமா?" லைல் சீறினார். "யாரோ அழுத்தாம அந்தப் பொத்தான் வேலை செய்யாது. எழுதிக்குங்க."

"அப்ப அழுத்தினது யாரு?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"நான்தான்."

எல்லாரும் திரும்பினார்கள். கெல்சி எழுந்து நின்றிருந்தாள்.

"நான்தான் தெரியாம அழுத்திட்டேன். அப்பா மேல தப்பில்ல. கை பட்டிடுச்சு. ஒண்ணுமில்ல, சின்ன விஷயம்தான்."

நாடீன் ஓரடி முன்னால் வந்தாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஏற்ற இறக்கமில்லாமல், கேட்கிறவன் முகத்தைப் பார்க்காமல், சீக்கிரம் சொல்லி முடிக்கிற குரல். ஆஸ்பத்திரியில், கடையில், பள்ளிக்கூட வாசலில் அவளே எத்தனை தரம் அப்படிப் பேசியிருக்கிறாள்! ஒரு அட்சரமும் மாறாமல் அது மகள் வாயில் வந்தது.

"பொய்" என்றாள் நாடீன். "இவன் கை. இடது கை, கட்டைவிரல். நான் வாசல்ல நின்னு பார்த்தேன். என்னைப் பார்த்துக்கிட்டேதான் அழுத்தினான். புருவத்துல இருக்கிறதும் இவன் கொடுத்ததுதான். இருபத்திரண்டு வருஷமா கொடுத்ததெல்லாம் சொல்றேன், எழுதிக்குங்க."

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் கெல்சி. "அழுத்தினது நான். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

போலீஸ்காரர் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தியிடம் பார்வையை மாற்றினார். "இதோ பாரும்மா. அடியில இருந்த ஆளு செத்துட்டா, இது விளையாட்டு இல்ல. நீதான்னு சொன்னா நான் உன்னைத்தான் கூட்டிட்டுப் போகணும்."

"கூட்டிட்டுப் போங்க" என்று கெல்சி இரண்டு கையையும் நீட்டினாள்.

சட்டையின் முழுக்கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் விரல் தடங்கள். சிவப்பாக இன்றைக்குப் பதிந்தவை. அவற்றுக்கு மேலே நீலமாக இன்னும் சில. அதற்கும் மேலே பச்சையும் மஞ்சளுமாக ஆறிக்கொண்டிருப்பவை. எந்த நிறத்துக்கு எத்தனை நாள் என்று நாடீனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மஞ்சளுக்குப் பத்து நாளாவது ஆகியிருக்கும்.

போலீஸ்காரர் எடுத்த விலங்கைப் பூட்டாமல் நின்றார். "இது யாரு செஞ்சது?"

கெல்சியின் கண் கார்லண்டின் பக்கம் போனது. "கெல்சி" என்று அவன் மெதுவாகக் கூப்பிட்டான். அந்தத் தணிந்த குரல். அவள் அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நாடீன் நடந்து போய் இருவருக்கும் நடுவில் நின்றாள். மகளுக்கு அவன் முகம் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

"அவனைப் பார்க்காதே. என்னைப் பாரு" என்றாள். "எப்போலேருந்துடி? ஏன் என்கிட்ட சொல்லலை?"

கெல்சி அம்மாவின் கிழிந்த புருவத்தைப் பார்த்தாள்.

"உன்கிட்ட சொல்லியிருந்தா நீ என்னம்மா பண்ணியிருப்பே?" என்று கேட்டாள்.